பக்கத்து ஊர்க்காரர்தான் முதலில் விடுபடுகிறார்: கல்லூரி செட்டை நாற்பது வருடம் கழித்துச் சேர்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

கலிபோர்னியாவில் இருக்கும் வகுப்புத் தோழரைக் கண்டுபிடிக்க அரை நாள் போதும். கம்பைநல்லூர் தாண்டி ஒரு கொட்டாயில் (தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிற்றூரில்) நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பவரைக் கண்டுபிடிக்க ஆறு மாதம்கூட ஆகலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசுக் கல்லூரிகளில் 1975-க்கும் 1990-க்கும் இடையில் படித்த செட்டுகள் ஒன்றுசேரும்போது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பெங்களூர், சென்னை, துபாய் ஆட்கள் முதல் வாரத்திலேயே வாட்ஸ்அப் குழுவுக்குள் வந்துவிடுவார்கள். கல்லூரியிலிருந்து இருபது கிலோமீட்டரில் குடியிருப்பவர், அரியர் முடிக்காமல் நின்றுபோனவர், கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்கள் ஆகியோர் பட்டியலிலேயே ஏறியிருக்க மாட்டார்கள். வந்து சேர்ந்த முப்பது பேரை வைத்து ‘எல்லாரும் சேர்ந்தாச்சு’ என்று பேனர் அடித்துவிடுவோம்.

எனவே குழு தொடங்கும் முன் நோட்டு போடுங்கள். வாட்ஸ்அப்பில் இருப்பவர்களை எண்ணினால் இருப்பவர்கள்தான் தெரிவார்கள். வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்று எழுதி வைத்தால்தான் யார் இல்லை என்பது தெரியும். அதற்கு முதல் ஆதாரம் கடைசி வருடம் எடுத்த குரூப் போட்டோ. அட்டையின் அடியில் இடமிருந்து வலமாக வரிசை வரிசையாகப் பெயர் அச்சிட்டிருப்பார்கள். நாலு பேரிடம் கேட்டால் ஒருவர் வீட்டிலாவது அது இருக்கும். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றாமல் செல்போனில் எடுத்தால் வெளிச்சம் பட்டு முகம் மறைந்துவிடும். சட்டத்தைப் பிரித்து, நிழலில் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். ஆனால் போட்டோவில் வகுப்பு முழுக்க இருக்காது. அன்றைக்குப் பணம் கட்டாதவரும், அன்று வராதவரும், இரண்டாம் வருடத்தோடு நின்றவரும் அதில் இல்லை. இந்த மூன்று ரகமும் பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

விடுபட்ட பெயர்களை மீட்க, வகுப்பை பஸ் வாரியாகப் பிரித்து நினைவைக் கிளறுவது நல்ல பலன் தரும். ‘நம்ம கிளாஸ்ல யார் யாரு?’ என்று கேட்டால் பதினைந்து பெயரோடு நின்றுவிடும். ‘அரூர் பஸ்ல யார் யாரு வருவாங்க? பென்னாகரம் வண்டியில யாரு? பாலக்கோட்டு ஆளுங்க யாரு?’ என்று கேட்டால் பெயர்கள் கொத்தாக வரும். ஹாஸ்டலில் இருந்தவர்களைத் தனியாகக் கேளுங்கள். ஒரே அறையில் இருந்தவருக்கு மற்றவரின் ஊர், அப்பா பெயர், விடுமுறையில் எங்கே இறங்குவார் என்பதெல்லாம் தெரியும். கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு இருக்கலாம். முதல்வருக்குக் கடிதம் கொடுத்து, பெயர்ப் பட்டியலை மட்டும் சரிபார்த்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். விலாசத்தை எழுதித் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். கொடுத்தாலும் அது நாற்பது வருடத்துக்கு முந்தைய விலாசம்.

பழைய விலாசத்தைப் படிக்கவும் கொஞ்சம் பக்குவம் வேண்டும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முன்னால் ஓசூர், ஊத்தங்கரை, பர்கூர் எல்லாமே ‘தருமபுரி மாவட்டம்’தான். அள்ளி, கொட்டாய், பட்டி என்று முடியும் ஊர்ப் பெயர்கள் இரண்டு மாவட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வண்டி ஏறினால் வேறு தாலுகாவில் போய் இறங்க நேரிடும். அஞ்சல் நிலையத்தின் பெயரும் பின்கோடும் இருந்தால்தான் ஊர் உறுதி.

ஆள் பெயர் இதைவிடச் சிக்கல். மாது, மாதையன், மாதப்பன், மாதேஷ் என்று இந்தப் பக்கத்தில் ஒரே வகுப்பில் ஐந்தாறு பேர் இருப்பது சாதாரணம். ஓசூர்ப் பக்கம் போனால் முனிராஜும் நாராயணப்பாவும் அதே மாதிரி. நோட்டில் பெயருக்கு நேராக நாலு கட்டம் போடுங்கள்: படித்த காலத்து இனிஷியல், அப்போதைய ஊர், பட்டப்பெயர், இப்போது எழுதும் பெயர். பட்டப்பெயர்க் கட்டத்தைச் சிலர் கௌரவம் பார்த்து விட்டுவிடுவார்கள். அப்படி விடக் கூடாது. ஆளை உறுதி செய்வது பெரும்பாலும் அதுதான். மனம் நோகும் பெயர் என்றால் நோட்டோடு நிற்கட்டும், வெளியே வர வேண்டாம். ஃபேஸ்புக்கில் தேடும்போது மாதையன் என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுத முடியும். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். லிங்க்ட்இன்னில் ‘பெரியார் பல்கலைக்கழகம்’ என்று வடிகட்டித் தேடுவது வீண் வேலை. சேலத்தில் அந்தப் பல்கலைக்கழகம் 1997-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் முடித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகம் என்றே போட்டிருப்பார்கள்.

இணையத்தில் சிக்காதவரை நேரில் போய்த்தான் பிடிக்க முடியும். ஊருக்குள் போய் யாரைக் கேட்பது? டீக்கடையைவிடப் பால் சொசைட்டி மேல். காலையில் பால் ஊற்றும் நேரத்தில் போனால் ஊரில் பாதி வீட்டு ஆட்கள் அங்கே நிற்பார்கள். அடுத்து கிளை அஞ்சலகம், ரேஷன் கடை. கேட்கும்போது ஆளின் பெயரோடு அப்பா பெயரையும் சொல்லுங்கள். அறுபது வயதுக்காரரை ஊர் இன்னும் ‘இன்னார் மகன்’ என்றுதான் வைத்திருக்கும். எதற்குத் தேடுகிறோம் என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பேன்ட் சட்டை போட்ட இரண்டு பேர் காரில் வந்து ஒருவரைப் பற்றி விசாரித்தால் கடன் வசூலுக்கு வந்தவர்கள் என்றே ஊர் முடிவு கட்டும். ஆள் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தாலும் ‘வெளியூர் போயிட்டாரு’ என்பார்கள்.

போன் எண் கிடைத்தால் மருமகளோ பேரனோ எடுக்கும் வாய்ப்பு அதிகம். ‘அப்பா இருக்காங்களாம்மா? நான் அவரோட தருமபுரி காலேஜ்ல பி.காம். படிச்சவன். பழைய பசங்க எல்லாம் சேர்றோம், அதான் கூப்பிட்டேன். பணங்காசு விஷயம் ஒண்ணும் இல்லம்மா’ என்று சொன்னால் போதும். கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் சேருங்கள். எதிர்முனையில் ஆள் காலமாகியிருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே பேச ஆரம்பிக்க வேண்டும். எடுத்ததும் ‘டேய் மாது!’ என்று கத்துவது அந்த வீட்டுக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெண்களைச் சேர்க்கும் வேலையை ஒரு பெண்ணிடம்தான் ஒப்படைக்க வேண்டும். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. அப்பாவின் இனிஷியலில் படித்தவர் கணவரின் இனிஷியலில் வாழ்கிறார், ஊரும் மாறியிருக்கும். அவரைத் தேட ஒரே வழி, அவரோடு பெஞ்சில் உட்கார்ந்த இன்னொரு பெண். அழைக்க ஏற்ற நேரம் காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை, இல்லையென்றால் மாலை மூன்று மணி வாக்கில். சம்மதம் கேட்காமல் ஆண்களும் இருக்கும் குழுவில் எண்ணைச் சேர்த்துவிட்டால், முகம் தெரியாத நாற்பது பேருக்கு அந்த எண் போய்ச் சேர்கிறது. அன்று இரவே அவர் வெளியேறிவிடுவார், திரும்ப வர மாட்டார். முதலில் பெண்கள் மட்டும் இருக்கும் குழு, பழகிய பிறகு விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் பொதுக் குழுவின் அழைப்பு இணைப்பு என்று போவதே நிலைக்கிறது.

பொதுக் குழுவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றில் அட்மின்கள் மட்டுமே எழுத முடியும்படி அமைப்பை மாற்றி, கூடும் தேதி, மரணம், மருத்துவ அவசரம், எண் மாற்றம் ஆகியவற்றை மட்டும் போட வேண்டும். அரட்டைக்கு மற்றொன்று. இரண்டையும் ஒரே குழுவில் நடத்தினால் காலை வணக்கம் படங்களுக்கும் பார்வர்டுகளுக்கும் அடியில் ஒருவர் இறந்த செய்தி புதைந்துபோகும். விலை குறைந்த போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: படங்களால் நினைவகம் நிறைந்து போனே திணறும். பேரன் வந்து குழுவையே அழித்துவிட்டுப் போவான். தானாகப் பதிவிறங்குவதை நிறுத்தி வைக்கச் சேரும்போதே சொல்லிக்கொடுங்கள். தமிழில் தட்டெழுதத் தெரியாதவர்கள் குரல் பதிவு அனுப்பலாம் என்பதையும் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கிராமத்து ஆட்கள் பேசத் தொடங்குகிறார்கள்.

குழுவைக் கெடுப்பவை மூன்று: கட்சி, சாதிச் சங்க அழைப்பிதழ், ஓசூர்ப் பக்கத்து மனை விற்பனை. முதல் இரண்டையும் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். மூன்றாவது சத்தமில்லாமல் வரும். ஓய்வுபெற்ற பணம் கையில் இருக்கும் வயது இது. பிளாட், சிட்பண்ட், இன்சூரன்ஸ் என்று ஒரு நண்பர் ஆரம்பித்தால் மறுக்க மற்றவர்களுக்குக் கூச்சம். அது நட்டத்தில் முடிந்தால் இரண்டு பேர் மட்டும் பிரிவதில்லை, குழுவே இரண்டாகிறது. ‘விற்பனை எதுவும் இங்கே வேண்டாம்’ என்பதை முதல் நாளே விதியாக வைத்துவிட்டால் பிறகு யாரையும் தனியாகச் சுட்ட வேண்டியிருக்காது. அட்மின் மூன்று பேர் இருக்கட்டும்: ஒருவர் மாவட்டத்துக்குள், ஒருவர் பெங்களூரிலோ சென்னையிலோ, ஒருவர் பெண்.

எண்களைப் பற்றி ஒன்று. 04342, 04343 என்று தொடங்கும் தரைவழி எண்கள் பழைய டைரிகளில் நிறைய இருக்கும். முக்கால்வாசி இப்போது உயிரோடு இல்லை. செல்போன் எண்ணும் நிரந்தரம் அல்ல. பிரீபெய்டு சிம் தொடர்ந்து 90 நாள் பயன்பாடே இல்லாமல் கிடந்தால் இணைப்பைத் துண்டித்துவிடலாம்; பிறகு அதே எண் வேறொருவருக்குப் போகும். 120 நாள் திறக்காத வாட்ஸ்அப் கணக்கு நீக்கப்படும். நோட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டாவது எண் ஒன்று, அதாவது மகன், மகள் அல்லது துணைவரின் எண், கட்டாயம் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை எல்லாருக்கும் ஒரு போன். அறுபது பேர் என்றால் ஆறு பேர் ஆளுக்குப் பத்து. தைப்பொங்கல் வாரம் இதற்கு வசதி. வாழ்த்துச் சொல்லும் சாக்கில் எண்ணையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி கூடுகை. இடத்தையும் நாளையும் பெங்களூர்க்காரர்கள் வசதிக்கு வைத்தால் உள்ளூர்க்காரர் வர முடியாமல் போவது நிச்சயம். ஏற்காட்டில் ரிசார்ட், இரவு தங்கல் என்று திட்டம் போடுபவர்களுக்கு மாடு வைத்திருப்பவரின் நாள் தெரியாது. மாலைக் கறவைக்கு அவர் வீட்டில் இருந்தாக வேண்டும். ஒகேனக்கல் கேட்க நன்றாக இருக்கும். காவிரியில் நீர்வரத்து கூடினால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார்கள், ஜூனிலிருந்து அக்டோபர் வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. முழங்கால் வலிக்காரர்களுக்குப் படிகளும் ஆகாது. தருமபுரியோ கிருஷ்ணகிரியோ, பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்தில் போகக்கூடிய சிறிய மண்டபம் போதும். கல்லூரியிலேயே வைக்க ஆசைப்பட்டால் நவம்பர், ஏப்ரல் தேர்வுக் காலத்தைத் தவிர்த்து, மூன்று வாரம் முன்பே முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கழிப்பறை திறந்திருக்குமா, தண்ணீர் வருமா என்று முந்தின நாள் பார்த்துவிட்டு வருவது அனுமதிக் கடிதத்தைவிட முக்கியம்.

நாள் குறிப்பதில் இந்தப் பகுதிக்கென்று ஒரு கணக்கு உண்டு. மே, ஜூன் மாதங்களில் மாந்தோப்புக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. வைகாசி, ஆவணியில் முகூர்த்தங்கள். மண்டபமும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. ஆடியில் மண்டபம் காலியாக இருக்கும், வாடகை பேசிக் குறைக்கலாம். ஆனால் முந்தின வாரம் மழை பெய்துவிட்டால் ஆடிப்பட்ட விதைப்புக்காரர் வரமாட்டார். கூழ் ஊற்றும் ஞாயிறுகளில் ஊரை விட்டு நகர முடியாது. பதினெட்டாம் பெருக்கு அன்று ஒகேனக்கல் சாலையில் காலே வைக்க முடியாது. அக்டோபர் 2 புரட்டாசியில் விழும், அசைவம் சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 என்றால் இன்னும் பணியில் இருக்கும் ஆசிரியர்கள் கொடியேற்றி முடித்துப் பத்து மணிக்கு மேல்தான் கிளம்ப முடியும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மார்கழியில், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாள் தேறுகிறது. முகூர்த்தம் இல்லை, மானாவாரி ராகி அறுவடை முடிந்திருக்கும், வெளிநாட்டு ஆட்களும் ஊரில் இருப்பார்கள். மாலை போட்டவர்களுக்குச் சைவப் பந்தி தனியாக, தனிப் பாத்திரத்தில். ஞாயிறைவிடச் சனி மேல்: ஞாயிறு மாலை ஓசூர் தாண்டி மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளி நெரிசலுக்குப் பயந்து பெங்களூர்க்காரர்கள் இரண்டு மணிக்கே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

சென்னையிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையம் கிடையாது. தருமபுரிக்கு நிலையம் உண்டு என்றாலும் அது சேலம்–பெங்களூர் பாதையில் இருக்கிறது. சென்னை–சேலம் வண்டியில் வருபவர் மொரப்பூரில் இறங்கிப் பஸ் பிடிப்பதே சுருக்கம். அழைப்பில் இதை ஒரு வரி போட்டுவிட்டால் இருபது போன் மிச்சம்.

காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நாலுக்கு முடித்துவிடுங்கள். மேடை, சால்வை, சிறப்பு விருந்தினர் மூன்றும் வேண்டாம். ஆளுக்கு ‘இரண்டு நிமிடம்’ அறிமுகம் என்று வைத்தால் அறுபது பேருக்கு இரண்டு மணி நேரம். நடைமுறையில் முதல் பத்துப் பேரே ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடுவார்கள். அதிலும் பதவி பெற்றவர்கள்தான் நீளமாகப் பேசுகிறார்கள். விவசாயம் பார்ப்பவர் ‘நான் ஊர்லதான் இருக்கேன்’ என்று ஒரே வரியில் உட்கார்ந்துவிடுவார், அடுத்த வருடம் வர மாட்டார். நாற்காலிகளை வட்டம் வட்டமாகப் போட்டு, பழைய பஸ் வாரியாகவும் ஹாஸ்டல் வாரியாகவும் உட்கார வைத்தால் அறிமுகமே தேவைப்படாது. கழுத்து அட்டையில் பதவி போடாதீர்கள். பெயர், அப்போதைய ஊர், குரூப் போட்டோவிலிருந்து வெட்டிய பழைய முகம் ஆகிய மூன்றும் போதும். எழுத்து மூன்றடி தூரத்திலிருந்து கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். வகுப்பெடுத்த பேராசிரியர்கள் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களைக் கூட்டிவந்து திரும்பக் கொண்டுவிட ஒரு காரும் ஒரு ஆளும் தனியாக ஒதுக்கி, பதினொன்றிலிருந்து ஒரு மணி நேரம் மட்டும் உட்கார வைத்து, முதல் பந்தியில் சாப்பிட வைத்து அனுப்பிவிடுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கில் பலரும் கோட்டை விடுகிறார்கள். வருகிறேன் என்றவர்களில் நாலில் ஒருவர் கடைசி நேரத்தில் வராமல் போவது சகஜம். மூன்று நாள் முன்பு போன் போட்டு உறுதி செய்த எண்ணிக்கையோடு பத்தில் ஒரு பங்கு சேர்த்துச் சொன்னால் போதும். சமையல்காரர் கல்யாண வீட்டு அளவில் கணக்குப் போடுவார். இந்த வயதில் அவ்வளவு செல்லாது. பிரியாணி என்றால் ஒரு கிலோ சீரகச் சம்பாவைப் பத்துப் பேருக்குக் கணக்கிடலாம், கறியும் அதே எடை. சைவச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி. ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் கீரைக் கடைசலும் வைத்தால் பிரியாணிக்கு முன்னால் அதுதான் தீரும். ஒரு கிலோ மாவுக்கு எட்டு உருண்டை வரும். எண்பது பேருக்கு இரண்டு வேளை டீ என்றால் பத்து லிட்டர் பால் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கைச் சர்க்கரை போடாமல் தனி பிளாஸ்கில் எழுதி ஒட்டி வையுங்கள். மாத்திரை போடுகிறவர்களுக்காகப் பந்தி ஒரு மணியைத் தாண்டக் கூடாது.

பணம். தலைக்கு இவ்வளவு என்று வைக்கும் தொகை, வகுப்பிலேயே வசதி குறைந்தவர் யோசிக்காமல் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மீதியை முடிந்தவர்கள் போடட்டும், யார் எவ்வளவு என்பது வெளியே வர வேண்டாம். நன்கொடையாளர் பட்டியலைத் தொகை வாரியாகக் குழுவில் போட்ட செட்டுகளில் அடுத்த முறை கூட்டம் குறைகிறது. ஒருவருடைய சொந்த கூகுள் பே எண்ணில் வசூலிப்பது வசதிதான், ஆனால் அவருடைய வீட்டுச் செலவோடு கலந்துவிடும். இரண்டு பேர் கையெழுத்து வேண்டியிருக்கும் கூட்டுச் சேமிப்புக் கணக்கு இருந்தால் நல்லது. முடிந்த ஒரு வாரத்துக்குள் ரசீதுகளோடு கணக்கைப் போட்டுவிடுங்கள். மிச்சத்தை அடுத்த கூடுகைக்கு வைப்பதாக இருந்தால் அதையும் அதே செய்தியில் சொல்லிவிட வேண்டும்.

‘சங்கமாப் பதிவு பண்ணிடலாமே’ என்று ஒருவர் கட்டாயம் கிளப்புவார். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். செய்வது எளிது, வருடாவருடம் பொதுக்குழு கூட்டுவதும், கணக்கைத் தாக்கல் செய்வதும், நிர்வாகிகள் மாறினால் தெரிவிப்பதும்தான் பாரம். அத்தோடு தலைவர் யார், செயலாளர் யார் என்ற பேச்சும் வரும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் சங்கத்துக்குப் பணம் அனுப்பினால் வெளிநாட்டு நிதிப் பங்களிப்புச் சட்டமும் குறுக்கே வரும். இந்தியக் குடிமகனாகவே வெளிநாட்டில் இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுப்பதற்கு அந்தச் சிக்கல் இல்லை. கல்லூரிக்குக் கட்டடம், ஆண்டுதோறும் உதவித்தொகை என்று பெரிய வேலை இருந்தால் பதியுங்கள். அறுபது பேர் வருடம் ஒருமுறை சாப்பிடப் பதிவு எதற்கு?

மருத்துவ உதவி கேட்டு அழைப்பு வந்தால் வசூலில் இறங்கும் முன், அந்தக் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் தகுதி உண்டு; ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. அட்டை எடுக்காமலேயே இருப்பவர்கள் நம் வகுப்பிலும் இருப்பார்கள். வருமானச் சான்று வாங்கி அட்டை போட்டுக் கொடுக்கும் இரண்டு நாள் அலைச்சல், குழுவில் திரட்டும் தொகையைவிடப் பல மடங்கு உதவும். பணமாகவே கொடுக்க வேண்டியிருந்தால் மருத்துவமனைக் கணக்கில் நேராகக் கட்டிவிடுங்கள்.

மரணச் செய்திக்கு ஒரு ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். கிராமங்களில் பெரும்பாலும் அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். செய்தி மாலையில் போய்ச் சேர்ந்து பயனில்லை. தருமபுரி, அரூர், பென்னாகரம், பாலக்கோடு, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பகுதிக்கு ஒருவரைப் பொறுப்பாக வைத்து, அவர் குடும்பத்தாரிடம் பேசி உறுதி செய்த பிறகே அறிவிப்புக் குழுவில் போட வேண்டும். பெயர் மட்டும் போட்டால் ஐந்து மாதையன்களில் யார் என்று ஐம்பது போன் பறக்கும். பழைய ஊர், இப்போதைய முகவரி, எடுக்கும் நேரம், எந்த பஸ், எங்கே இறங்குவது என்பதெல்லாம் முதல் செய்தியிலேயே இருக்கட்டும். அரசுப் பணியிலோ ஓய்வூதியத்திலோ இருந்தவர் என்றால், காரியம் முடிந்த பிறகு குடும்ப ஓய்வூதியக் காகிதங்களில் உதவ, கருவூலத்திலோ அலுவலகத்திலோ வேலை பார்த்த தோழர் ஒருவரை அனுப்பலாம். மாலை வைத்துவிட்டுத் திரும்புவதோடு நின்றுவிடும் செட்டுகளே அதிகம்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு அழைப்பை அஞ்சலட்டையில் அனுப்புங்கள். ஒரு மாதம் முன்னால் அட்டை, ஒரு வாரம் முன்னால் போன், அந்தப் பக்கத்திலிருந்து காரில் வருபவர் யாராவது வழியில் ஏற்றிக்கொள்ள ஏற்பாடு. யார் காரில் யார் வருவது என்பதை அழைப்பு அனுப்பும்போதே முடிவு செய்து இருவருக்கும் சொல்லிவிடுவது நல்லது. ‘வேணும்னா கூப்பிடு, ஏத்திக்கிறேன்’ என்று விட்டால் அவர் கூப்பிட மாட்டார்.

நோட்டை ஒருவரே வைத்திருக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பொறுப்பை மாற்றுங்கள். கூகுள் ஷீட்டில் ஒரு பிரதி இருந்தாலும், திருத்தும் உரிமை மூன்று பேருக்கு மேல் கொடுக்க வேண்டாம். யாரோ கை தவறி ஒரு வரியை நகர்த்திவிட்டால் எல்லார் எண்ணும் அடுத்தவர் பெயருக்குப் போய்விடும். வருடா வருடம் சரிபார்த்து முடித்ததும் அச்செடுத்து மாவட்டத்தில் ஒருவர், ஓசூரில் ஒருவர், சென்னையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காதவர்களின் பெயர்கள் அச்சுப் பிரதியின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும், கடைசியாக எங்கே விசாரித்தோம் என்ற குறிப்போடு. அடுத்துத் தேடப் போகிறவர் அங்கிருந்து தொடங்கலாம்.